புல்பாரில் எந்த ஆன்டெனா?

வண்டிக்கு வண்டி பேசும் யூஎச்எஃப் சிபி ரேடியோ வாங்கக் கடைக்குள் நுழைபவர்கள் முக்கால்வாசி நேரத்தைப் பெட்டிக்கே கொடுத்துவிடுகிறார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை பட்டன், திரை எத்தனை நிறத்தில் ஒளிரும் என்று ஆராய்ச்சி நடக்கும். பில் போடும் இடத்துக்கு வந்த பிறகுதான் "ஏரியல் ஒன்னு வேணும்ல, எது போடலாம்?" என்று, புல்பாரில் (வண்டி முகப்பிலுள்ள காப்புச் சட்டம்) நிற்கப்போகும் ஆன்டெனாவைப் பற்றிய கேள்வி வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் யூஎச்எஃப் சிபி ரேடியோவுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச சக்தி 5 வாட். விலை குறைந்த செட்டும் 5 வாட், அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள செட்டும் 5 வாட். அந்த 5 வாட் எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தீர்மானிப்பது ஆன்டெனாவும், அதற்குப் போகும் கேபிளும், அந்தக் கேபிளின் இரண்டு முனைகளும்தான்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "சிபி" என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்க ஜீப்காரர்கள் எழுதியது. அவர்கள் பேசுவது 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அங்கே கால் அலை ஆன்டெனா என்றால் ஒன்பதடி உயரம். ஆஸ்திரேலியாவிலும் அந்த அலைவரிசை 1977 முதல் சட்டப்படி இருக்கிறது. ஆனால் காட்டுப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் இன்று வண்டிகள் பேசிக்கொள்வது 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய யூஎச்எஃப்பில். இங்கே முழு அலையே 63 சென்டிமீட்டர்தான், கால் அலை ஒரு சாணுக்கும் குறைவு. ஆகவே அமெரிக்க ஆலோசனைகளில் பாதி இங்கே பொருந்தாது. அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்து வரும்போது கொண்டுவந்த 462 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கியும், இங்கிலாந்திலிருந்து வந்த 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கியும் இங்கே சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், அதில் கன்வாயில் (ஒன்றாகப் போகும் வண்டி வரிசையில்) ஒருவரோடும் பேச முடியாது.

செகண்ட் ஹேண்டில் செட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011 வரை யூஎச்எஃப்பில் 40 சேனல்தான். அந்த ஆண்டு சேனல்களைக் குறுக்கி, இடைவெளிகளில் புதிய சேனல்களை நுழைத்து 80 ஆக்கினார்கள். பழைய 40 சேனல் செட் இன்னும் வேலை செய்யும். ஆனால் அதன் பேச்சு அலைவரிசையில் அதிக அகலம் பிடிக்கும். புதிய செட்டில் கரகரவென்று உடைந்து கேட்கும், பக்கத்துச் சேனலிலும் கசியும். புதிய செட்டில் பேசுவது பழையதில் முணுமுணுப்பாகக் கேட்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்காதீர்கள்.

இனி ஆன்டெனா. பெட்டியில் 3 டிபிஐ, 6 டிபிஐ, 9 டிபிஐ என்று எழுதியிருக்கும்; ஆன்டெனா சக்தியை எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு அது. எண் பெரிதானால் சக்தி அதிகம் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஆன்டெனா புதிதாக ஒரு சொட்டு சக்தியையும் உண்டாக்காது. கையில் இருப்பது ஒரு கரண்டி மாவு, அதாவது உங்கள் 5 வாட். அதையே கனமாக ஊற்றினால் ஊத்தப்பம், மெல்லிசாக இழுத்தால் பேப்பர் ரோஸ்ட். 3 டிபிஐ ஆன்டெனா ஊத்தப்பம்: தூரம் குறைவு, ஆனால் மேலும் கீழும் தடிமனாகப் பரவும். 9 டிபிஐ பேப்பர் ரோஸ்ட்: அடிவானத்தை நோக்கி வெகுதூரம் நீளும், மேலும் கீழும் ஒன்றும் இருக்காது.

இப்போது வண்டியை விக்டோரியாவின் ஹை கன்ட்ரி மலைகளில் வைத்துப் பாருங்கள். முன்வண்டி எதிர் முகட்டில் இருக்கிறது, நீங்கள் பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வண்டியின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, ஆன்டெனாவும் கூடவே முன்னால் சாய்கிறது. பேப்பர் ரோஸ்டின் முன்பக்கம் மண்ணுக்கும் பின்பக்கம் வானத்துக்கும் போகிறது. முன்வண்டி இருநூறு மீட்டர் உயரத்தில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தும் பேச்சு விட்டுவிட்டு வரும். அதே இடத்தில் குட்டையான 3 டிபிஐ ஆன்டெனா தெளிவாகப் பேசும். நல்லார்பர் சமவெளியில் நிலைமை தலைகீழ்: மேடு கிடையாது, மரம் கிடையாது, வண்டி சாய்வதும் கிடையாது. அங்கே 9 டிபிஐக்குக் கொடுத்த காசு வீண்போகாது.

ஆனால் எத்தனை டிபிஐ போட்டாலும் பூமியின் வளைவைத் தாண்ட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். தோராயக் கணக்கு இது: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு வண்டிகளின் கணக்கையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் என்றால் 5.8; இரண்டு வண்டிக்கும் சேர்த்து சுமார் 11 முதல் 12 கிலோமீட்டர். ஒரு வண்டி 30 மீட்டர் மணல்மேட்டின் உச்சியில் நின்றால் அது 29 கிலோமீட்டராகிவிடும். அதனால்தான் சிம்சன் பாலைவனத்தில் மேட்டு உச்சிக்கு வந்ததும் திடீரென்று எங்கோ இருக்கும் வண்டிகளின் குரல் குவியும்; அடுத்த பள்ளத்தில் இறங்கினால் எல்லாம் அடங்கிவிடும். செட் கெட்டுவிட்டது என்று சிலர் பதறுவார்கள். செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடுவில் மணல் வந்துவிட்டது.

ஒரே ஒரு ஆன்டெனாதான் வாங்க முடியும், எங்கே போவேன் என்று இன்னும் தெரியாது என்பவர்களுக்கு 6 டிபிஐ. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது: ஒரே அடித்தளத்தில் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு கம்பிகளைச் சேர்த்து விற்கும் ஆன்டெனா. குட்டைக் கம்பி மலைக்கும் அடர்ந்த காட்டுக்கும், நெட்டைக் கம்பி சமவெளிக்கும். மாற்றுவதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. நகரத்து மாடி பார்க்கிங்குக்குள் போகும்போதும் குட்டைக் கம்பி கைகொடுக்கும். நெட்டையை மறந்து உள்ளே ஓட்டினால் கூரையிலுள்ள தீயணைப்புக் குழாயில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே போகும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். டிபிஐயும் டிபிடியும் வேறு வேறு அளவுகோல்கள். ஒரே ஆன்டெனாவுக்கு டிபிஐ எண் 2.15 கூடுதலாக வரும். வெறும் "டிபி" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்பிடவே முடியாது. கம்பியின் நீளத்தைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. ஒரு சாண் கட்டைக்கு 6 டிபிஐ என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். 9 டிபிஐ என்றால் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் இருந்தாக வேண்டும்.

அடுத்த கேள்வி, ஆன்டெனாவுக்குக் கீழே உலோகத் தகடு வேண்டுமா என்பது. எளிய கால் அலைக் கம்பி தனக்குக் கீழே வண்டிக் கூரைபோல விரிந்த உலோகப் பரப்பை எதிர்பார்க்கும். புல்பாரின் காதில் (ஆன்டெனா மாட்டும் சிறு தகட்டில்) அப்படி ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் புல்பாரிலோ கேட்கவே வேண்டாம். எனவே புல்பாருக்கு வாங்கும்போது "கிரவுண்ட் இன்டிபென்டென்ட்" என்று குறிப்பிட்டவற்றை மட்டும் எடுங்கள். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, மூன்று கிலோமீட்டருக்கு மேல் கேட்கவில்லை என்று செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் அதிகம்.

கம்பியா, ஃபைபர்கிளாஸ் குழாயா? ஸ்டெயின்லெஸ் கம்பி கிளை அடித்தால் வளைந்து மீளும். ஃபைபர்கிளாஸ் தோற்றத்தில் உறுதி. ஆனால் உள்ளே இருக்கும் செம்புப் பாகம் தொடர் அதிர்வில் உடையும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும், அதுவும் கம்பியின் எடைக்கு ஏற்ற விறைப்போடு. தளர்ந்த ஸ்பிரிங்கில் கனமான குழாயை நிறுத்தினால் 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் பின்னால் படுத்து ஆடும். எதிர்முனையில் உங்கள் குரல் அலையலையாக ஏறி இறங்கும். கிப் ரிவர் சாலையிலும் ஊட்னடாட்டா பாதையிலும் மணிக்கணக்கில் வரும் அலைமேட்டு உதறலில் முதலில் போவது ஆன்டெனாகூட இல்லை, புல்பாரில் அது நிற்கும் காதின் வெல்டிங். கனமான ஆன்டெனா போடுபவர்கள் அந்தக் காதின் அடியில் ஒரு தாங்கு தகடு வைத்துவிடுவது நல்லது.

இடம் என்று பார்த்தால், ஓட்டுநர் வலப்பக்கம் உட்காரும் நாட்டில் புல்பாரின் இடது மூலை பார்வையை மறைக்காது. கைபேசி பூஸ்டரின் ஆன்டெனாவும் இருந்தால் அதை மறு மூலைக்குத் தள்ளுங்கள், நடுவில் ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். சிம்சனில் மணல்கொடி (மேட்டுக்கு மறுபக்கம் வருபவர் கண்ணில் பட உயரத்தில் கட்டும் கொடி) கட்டாயம் என்பதால் சிலர் அந்தக் கொடிக்கம்பை ஆன்டெனாவோடு சேர்த்து ஜிப் டையால் கட்டிவிடுவார்கள். அடித்தளம் உடைவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. கம்பு உலோகமாக இருந்தால் ஆன்டெனாவின் இசைவும் கெடும்.

கேபிள் விஷயத்தில்தான் உண்மையான இழப்பு நடக்கிறது. வழக்கமாக உடன் வருவது ஆர்ஜி-58 வகை, 4.5 அல்லது 5 மீட்டர். இந்த அலைவரிசையில் அந்த நீளம் மட்டுமே ஒன்றரை டெசிபலுக்கு அருகில் தின்றுவிடும். செட்டிலிருந்து கிளம்பிய 5 வாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகக் கரைகிறது. ஆகவே மிச்சக் கேபிளைச் சுருட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் திணிக்காமல், தேவையான அளவுக்கு வெட்டி முனையைப் புதிதாகப் போடுங்கள். பல ஆன்டெனாக்களில் செட் பக்க முனை எஃப்எம்இ என்ற சிறிய இணைப்பாக வரும். அது ஃபயர்வாலில் (எஞ்சினையும் உட்புறத்தையும் பிரிக்கும் தடுப்பு) ஏற்கெனவே உள்ள ரப்பர் கிராமெட் வழியாகவே நுழைந்துவிடும்; உள்ளே வந்த பிறகு செட்டில் மாட்டும் பெரிய பிஎல்-259 முனையை அதன்மேல் திருகிக்கொள்ளலாம்.

பாதை போடும்போது ரேடியேட்டர் விசிறி, எக்ஸாஸ்ட், கதவு இடுக்கு மூன்றையும் தவிர்க்க வேண்டும். கேபிளைக் கூர்மையாக மடிக்கக் கூடாது; வளைவு ஒரு டீ டம்ளரின் வாயைவிடச் சிறிதாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபயர்வாலுக்கு முன்னால் கேபிள் சற்றுக் கீழிறங்கி மேலேறுவதுபோல் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வராது. வெளியில் இருக்கும் இணைப்புகளில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதா டேப் போடுங்கள். ஆற்றைக் கடக்கும் வண்டியில் ஆன்டெனா அடிப்பகுதி வழியாக ஒருமுறை தண்ணீர் ஏறினால், கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பின்னலுக்குள் அது ஊறிக்கொண்டே போகும். பிறகு வெட்டிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும். அந்தக் கேபிளைக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

முனை போட்ட பிறகு, ஆன்டெனாவை இணைக்கும் முன், மல்டிமீட்டரால் நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே பாருங்கள். தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் பின்னலின் ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. புதிதாக முனை போடுபவர்கள் கையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆன்டெனாவை இணைத்துவிட்டு இதே சோதனையைச் செய்தால் குழம்பிப்போவீர்கள். சில அடித்தளங்களுக்குள் இருக்கும் சுருள் காரணமாக மீட்டரில் ஷார்ட் போலவே காட்டும்; அது பழுதல்ல.

அடுத்து எஸ்டபிள்யூஆர், அதாவது ஆன்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண். 27 மெகாஹெர்ட்ஸ் உலகில் முதல் சேனலிலும் நாற்பதாவது சேனலிலும் அளந்து, எது கூட இருக்கிறது என்று பார்த்துக் கம்பியை நீட்டுவதும் குறைப்பதும் ஒரு சடங்கு. யூஎச்எஃப்பில் அதற்கு வேலையில்லை. எல்லாச் சேனல்களும் 477க்குப் பக்கத்தில் ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடுவதால் எந்தச் சேனலில் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். ஆன்டெனாக்களும் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே இசைவு செய்யப்பட்டு வருகின்றன. ஆகவே எண் மோசமாக இருந்தால் கம்பியை வெட்டப் போகாதீர்கள். முனை, கேபிள், அடித்தளம் என்ற வரிசையில் தேடுங்கள். 1.5க்குள் இருந்தால் நல்லது. 2 வரை பரவாயில்லை, திரும்பி வருவது பதினொரு சதவீதம்தான். 3 என்றால் கால் பங்கு திரும்புகிறது. பேசுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

அளக்கும் மீட்டர் யூஎச்எஃப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். தாத்தா காலத்து 27 மெகாஹெர்ட்ஸ் மீட்டர் இங்கே ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அதற்கு அர்த்தம் கிடையாது. வெட்டவெளியில், கதவுகளையும் பானட்டையும் மூடி, ஆன்டெனாவின் அருகில் ஆள் இல்லாமல் அளக்க வேண்டும். ஒரு பொறியும் உண்டு: கேபிள் மிக மோசமாக இருந்தால் எஸ்டபிள்யூஆர் நல்ல எண்ணைக் காட்டும். போன சக்தியும் திரும்பி வரும் சக்தியும் வழியிலேயே கரைந்துவிடுவதால் மீட்டருக்கு எல்லாம் சுகமாகத் தெரியும். மீட்டர் 1.1 காட்டுகிறது, ஆனால் யாருக்கும் நீங்கள் கேட்கவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

மின்சாரத்தில் பெரிய சிக்கல் இல்லை. பேசும்போது 2 ஆம்பியருக்குள் இழுக்கும். செட்டோடு வரும் ஃபியூஸையே போடுங்கள், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். ஃபிரிட்ஜுக்கு இரண்டாவது பேட்டரி வைத்திருப்பவர்கள் அதிலிருந்து எடுக்கலாம்; முகாமில் செட்டை அணைக்க மறந்தாலும் காலையில் வண்டி கிளம்பும். புதிய வண்டிகளில் நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் இருக்கும். எர்த் கம்பியை நேராக அந்த முனையில் மாட்டாமல் வண்டி உடலில் மாட்டுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டவே வேண்டாம். உதறலில் அது கழன்று கழன்று, முக்கியமான நேரத்தில் செட் அணைந்திருக்கும்.

இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த செட்கள் எஃப்எம் என்பதால் ஆல்டர்னேட்டர் ஊளை அவ்வளவாகக் கேட்காது. பதிலாக வலுவற்ற குரல்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும், அதனால் பழுதே தெரியாது. சோதிக்க வழி இருக்கிறது: வெறும் சேனலில் ஸ்கெல்ச்சை (பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடக்கும் குமிழ்) மூடும் விளிம்பில் வைத்துவிட்டு எல்இடி லைட்பார், டேஷ்கேம், யூஎஸ்பி சார்ஜர் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் செட் 'ஷ்ஷ்' என்று திறந்துகொள்கிறதோ அதுதான் குற்றவாளி. மலிவு லைட்பார்கள் இதில் அடிக்கடி மாட்டும்.

செட்டைப் பொறுத்தவரை இரண்டே பிரிவு. முகப்பில் திரையும் குமிழும் உள்ள பழைய பாணி, எல்லாக் கட்டுப்பாடும் மைக்கிலேயே உள்ள புதிய பாணி. ஜிஎம்இ, யூனிடென், ஓரிகாம், ஐகாம் என்று எல்லாக் கம்பெனிகளிலும் நல்லவை உண்டு. இன்றைய வண்டிகளில் டேஷ்போர்டில் இடமே இல்லாததால் மைக் வகைதான் எளிது. பெட்டியை இருக்கைக்கு அடியிலோ கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ ஒளித்துவிடலாம். அதன் பலவீனம் மைக் கேபிள் சொருகும் இடம். கால் பட்டுப் பட்டுத் தளரும். இன்னொன்று, ஸ்பீக்கர் மைக்கிலேயே இருப்பதால் அது இருக்கைகளுக்கு நடுவில் விழுந்தால் ஒன்றும் கேட்காது. வெளி ஸ்பீக்கர் மாட்டும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைசியாகக் கேட்டதைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கும் வசதி விளம்பர ஜோடனை மாதிரித் தோன்றும். ஆனால் லாரி ஓட்டுநரின் வேகமான ஆஸ்திரேலிய உச்சரிப்பு முதல் தடவையில் பிடிபடாத நம்மவர்களுக்கு அது நிஜமாகவே உதவும்.

கையில் பிடிக்கும் செட்டை வண்டிக்குள்ளிருந்து பேசப் பயன்படுத்தாதீர்கள். உலோகக் கூண்டுக்குள் இருக்கும் குட்டை ஆன்டெனாவால் ஒன்றிரண்டு கிலோமீட்டரே போக முடியும். ஆனால் ஒன்று வாங்கி வையுங்கள். பாறைமேட்டில் வண்டிக்கு முன்னால் இறங்கி நின்று "வலது சக்கரம் இன்னும் ஒரு அடி" என்று வழிகாட்டுபவருக்கு அதுதான் சரி.

சேனல்களில் விளையாட்டு வேண்டாம். 5, 35 இரண்டும் அவசரத்துக்கு மட்டும், மீறினால் கடும் தண்டனை. 22, 23 தரவுக்கு உரியவை, பேசக் கூடாது. 61 முதல் 63 வரை ஒதுக்கி வைக்கப்பட்டவை. 40 நெடுஞ்சாலை லாரிகளுடையது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 53.5 மீட்டர் ரோடு டிரெயினை (பல டிரெய்லர்களை இழுக்கும் லாரி) தாண்ட நினைத்தால் அதில் ஓட்டுநரை அழைத்துக் கேளுங்கள், பெரும்பாலானோர் எப்போது வரலாம் என்று சொல்வார்கள். 18 கேரவன்காரர்கள், 10 ஃபோர் வீல் டிரைவ் கன்வாய்கள். 1 முதல் 8, 41 முதல் 48 வரை ரிப்பீட்டர்கள், அதாவது உங்கள் குரலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையங்கள். அவற்றுக்கு டூப்ளெக்ஸ் பட்டன் (ஒரு சேனலில் கேட்டு வேறொன்றில் பேச வைப்பது) போட வேண்டும், மற்ற நேரத்தில் அணைத்து வைக்க வேண்டும். "நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை, எனக்கு எல்லோரும் கேட்கிறார்கள்" என்ற புகாரில் டூப்ளெக்ஸ் தவறுதலாகப் போட்டிருப்பது அடிக்கடி நடப்பது. பக்கத்து வண்டியிலிருப்பவர் உங்களைக் கேட்டும் நீங்கள் அவரைக் கேட்கவில்லை என்றால், சிடிசிஎஸ்எஸ் என்ற தொனிப் பூட்டு உங்கள் செட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாலைவனத்தில் அதைப் போட்டுக்கொண்டு போவது ஆபத்து. மேட்டின் மறுபக்கம் எதிரே வரும் வண்டி பத்தாம் சேனலில் அறிவிப்பது உங்களுக்குக் கேட்காது.

ஊரிலிருந்து வெகுதூரம் போகும்போது இந்த ரேடியோவை உயிர்காப்பாக எண்ண வேண்டாம். இது பத்து கிலோமீட்டர் கருவி. அதற்கு அப்பால் சாட்டிலைட் போனோ, நீண்ட தூரம் எட்டும் எச்எஃப் ரேடியோவோ, பிஎல்பி என்ற 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அழைப்புக் கருவியோ வேண்டும்.

கன்வாயில் ஐந்தாறு வண்டிகள் போகிறீர்கள், செட்கள் ஒரே தரத்தில் இல்லை என்றால், பெரும்பாலும் நல்ல செட்டையும் ஆன்டெனாவையும் முன்வண்டிக்குக் கொடுப்பார்கள். கடைசி வண்டிக்குத்தான் அது போக வேண்டும். பஞ்சர் ஆகி நிற்கும் வண்டியைக் கடைசி வண்டிதான் முதலில் பார்க்கும், அந்தச் செய்தி வரிசை முழுவதையும் தாண்டி முன்னால் எட்ட வேண்டும். பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொரு வண்டியும் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நிற்கட்டும். "கடைசி ஆள் திரும்பியாச்சு" என்று பத்தாம் சேனலில் குரல் வந்த பிறகு முன்வண்டி கியர் போட்டால் போதும்.